குச்சிக்காக அழுதவர்கள்

என் தங்கை உயிரோடு இருந்த இருபத்தாறு வருடங்களில் அவளைத் தன்னுடையவள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். செத்து மூன்று வாரம் ஆவதற்குள் அது ஓர் அரங்கு நிறையும் அளவுக்குப் பெருகிவிட்டது. ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அவள் படம். அவள் கன்னத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை மாவைக் கணினியில் துடைத்திருந்தார்கள். கூடவே வலது புருவத்துக்கு மேலிருந்த தழும்பையும் துடைத்துவிட்டார்கள். அந்தத் தழும்பு நான் போட்டது. அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. சண்டையில் டம்ளரை எறிந்தேன். அதைத் துடைக்க இவர்கள் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் அவளைக் குச்சி என்போம். அவ்வளவு ஒல்லி. அந்த ஆஸ்பத்திரியின் பட்டறையில் அவள் செயற்கைக் கால் செய்துகொண்டிருந்தாள். நான் அதே கட்டடத்தில் ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் காகிதங்களை எண் வாரியாக அடுக்குவது என் தொழில். அவளுடைய தொழிலுக்கு மூளை வேண்டும். என்னுடையதற்கு முதுகு போதும்.

அவளுக்கு அந்த வேலை பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ பிடிபடவில்லை. எங்கள் அப்பா தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். தூக்கிக்கொண்டு போன இரும்புத் தகடு ஒருநாள் நழுவி விழுந்து, முழங்காலுக்குக் கீழே இடது காலைக் கொண்டுபோய்விட்டது. ஆறு மாதம் கழித்து அவருக்கு ஒரு கால் கொடுத்தார்கள். அது கதவுக்குப் பின்னால் நின்றது. மாட்டினால் இரண்டடி நடப்பதற்குள் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "இதுக்கு இல்லாத காலே தேவல" என்று கழற்றி வைத்துவிடுவார். குச்சிக்கு அப்போது பதின்மூன்று வயது.

"அப்பா, அதைப் போட்டுக்கிட்டு ஒருவாட்டி நடங்க" என்றாள். சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அங்க என்னடி பாக்கற? இங்க பாரு."

"பாக்கல, கேக்கறேன். நடங்க."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். சமையலறை வரை போய்த் திரும்பினார். அவள் திரும்பாமலே சொன்னாள்: "ஒவ்வொரு அடிக்கும் காலை முழுசா ஊனறதுக்கு முன்னாடியே எடுத்துடறீங்க. வெளிப்பக்கம் எலும்புகிட்ட குத்துது, இல்ல?"

குத்தியது. அதைக் கொடுத்த ஆஸ்பத்திரியில் அவர் நான்கு முறை சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறாத விஷயம் அது. குச்சி அந்தக் காலின் கிண்ணத்தை, அதாவது வெட்டுப்பட்ட காலின் மிச்சம் உட்காரும் குழியை, மடியில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தாள். அடுப்பில் கரண்டியைச் சூடாக்கி ஓரத்தை வளைத்தாள். "ஐயோ, அது அரசாங்கச் சொத்துடி!" என்று அம்மா அலறினார். மூன்று நாள் தேய்ப்பும் அலறலும் நடந்தது. நான்காம் நாள் அப்பா தெருமுனை வரை போய்விட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "இனிமே செருப்பு ஜோடியா வாங்கணும்" என்றார்.

எங்கள் பெரியப்பாதான் சொன்னார். தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே பேசும் மனிதர். யாருக்காகவும் அந்தக் கையை நிறுத்தியதில்லை. "பொம்பளப்புள்ள போய் வெட்டுப்பட்ட காலைத் தடவிக்கிட்டு இருக்கு. நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?" என்றார். அடுத்த பத்து வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் இதையே வேறு வேறு மாதிரி சொன்னார். சாவு வீட்டில் அவர் அழுத அழுகை இருக்கிறதே, அதற்கு அந்தத் தெருவே நின்றது. "குடும்பத்துக்குப் பேரு வாங்கிக் குடுத்த பொண்ணு போச்சே!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். இடையில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

குச்சி செயற்கைக் கால் செய்வதற்கான படிப்பை முடித்து எங்கள் ஆஸ்பத்திரிப் பட்டறையில் சேர்ந்தாள். பட்டறை அடித்தளத்தில் இருந்தது. ஒருபக்கம் சலவைக்கூடம், மறுபக்கம் கொதிகலன். மேலே ஏறப் பதினான்கு படிகள். அதற்குத் தலைவர் ஒருவர். பட்டறை ஆட்கள் அவரைப் பாலிஷ் என்பார்கள். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி மின்னும் அவர் ஷூ. அந்த ஷூவில் மாவு படக்கூடாது என்று, பட்டறைக்குள் வரும்போது வாசலில் அதைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வார். வருவதும் வாரத்துக்கு ஒருமுறைதான். மாவு என்றால் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டு போடுகிறார்களே, அதே மாவு. நோயாளியின் மிச்சக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பது, அச்சிலிருந்து மாவு உருவம் வார்ப்பது, அதை அரத்தால் செதுக்குவது, சூடேற்றிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்திக் கிண்ணம் செய்வது. இதில் அச்சு எடுக்கிறவரை மாவுக்காரர் என்பார்கள். ஐம்பது வயது, இரட்டை நாடி, நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். குச்சிக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. அவள் ஓயாமல் பேசுவாள். அவர் ஓயாமல் கேட்பார்.

செதுக்குவதில்தான் சூட்சுமம் எல்லாம். எங்கே எடுக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. பாலிஷ் அதை ஒப்பிப்பார். குச்சி நோயாளியை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். புதிதாக வருகிறவர்களுக்குக் கோபம் வரும். அவள் திரும்பி, அரத்தை எடுத்து, சரியாக அந்த இடத்தில் நான்கு இழுப்பு இழுத்து, மறுபடி நடக்கச் சொன்னால் வாயடைத்துப்போவார்கள்.

வாயடைக்காத ஒருவர் இருந்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் பஸ்ஸின் முன்னாலிருந்து பின்னால்வரை கேட்கக் கத்திப் பழகிய தொண்டை. சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. "ஏழு கால் செஞ்சு குடுத்தாங்க, எல்லாத்தையும் வீட்டுல அடுக்கி வச்சிருக்கேன். மரவட்டைக்குப் போட்டியா நான்தான்" என்று முதல் நாளே பட்டறை அதிரச் சொன்னார். குச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவரைக் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று ஒரு வாரம் நடக்கவைத்துக் கேட்டாள். ஆறு காலிலும் குற்றமில்லை என்று கண்டுபிடித்தாள். ஏழாவது மட்டும் குப்பை. காலையில் அவருடைய மிச்சக் கால் வீங்கியிருக்கும், பொழுது சாயச் சாய வற்றிவிடும். ஒரே கிண்ணம் காலையில் கடிக்கும், சாயங்காலம் லொடலொடக்கும். அவள் கிண்ணத்தின் பின்பக்கம் ஒரு கீறல் விட்டு, அதன் குறுக்கே ஒரு பட்டையும் கொக்கியும் வைத்தாள். காலையில் தளர்த்திக்கொள்ளலாம், மாலையில் இறுக்கிக்கொள்ளலாம். பார்த்தால் இதுதானா என்று தோன்றும். அதுவரை அந்தக் கட்டடத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஒரு மாநாட்டில் பாலிஷ் அந்தக் கொக்கியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஆஸ்பத்திரிச் செய்தித்தாளில் படம் வந்தது. கண்டக்டரின் கால் படத்தில் இருந்தது, பாலிஷின் சிரிப்பு இருந்தது, "நமது குழு" என்று ஒரு வார்த்தை இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

"பாத்தியா? உன் பேரு எங்கடி?"

குச்சி அரத்தைத் தட்டி மாவை உதறினாள். "கால் நடக்குதுல்லக்கா. அது யார் பேர்ல நடந்தா என்ன?"

எனக்கு இந்தப் பெருந்தன்மை ஆகவே ஆகாது. திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்று சொல்கிறவர்கள் இந்தப் பெருந்தன்மைக்காரர்கள். அன்று அவளைப் பைத்தியக்காரி என்று திட்டினேன். அவள், "சரி, பைத்தியக்காரிக்கு டீ வாங்கிக் குடு" என்றாள்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிந்தைய மழைக்காலத்தில். பதினோரு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கையும் முழங்காலும் மாறி மாறி வீங்கின, பிறகு தானாகச் சரியாயிற்று. அது இதயத்தில் ஒரு வால்வைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. பதினான்கு படிகளில் ஏழாவதில் நின்று கைப்பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்வாள். வீட்டில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள், பிறகு மூன்று, பிறகு சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். "மூச்சு வாங்குதுக்கா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். "எல்லாருக்கும்தான் வாங்குது. எனக்கு வாங்கலையா? நேரத்துக்குச் சாப்பிடு" என்றேன். இதைச் சொன்ன வாயோடுதான் நான் இன்றும் சாப்பிடுகிறேன்.

ஊழியர்களுக்கென்று இருக்கும் மருத்துவர் அவளை மூன்று நிமிடம் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"அப்ப டென்ஷன்தான். ராத்திரி இந்த மாத்திரை ஒண்ணு போடுங்க."

சீட்டில் 'மனப்பதற்றம்' என்று எழுதினார். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தாரா என்று பிறகு கேட்டேன். நினைவில்லை என்றார். அந்தச் சீட்டு அன்று மாலை மற்ற சீட்டுகளோடு ரெக்கார்டு ரூமுக்கு வந்தது. ஊழியர் எண்ணைப் பார்த்து அதை உரிய கோப்பில் போட்டவள் நான். எண்ணை மட்டும்தான் பார்த்தேன். அதற்குமேல் எதையும் நான் பார்ப்பதில்லை. பதினோரு வருடமாக ஒரு சீட்டும் இடம் மாறாமல் அடுக்கியவள் என்று எனக்கு நற்சான்றிதழ்கூட உண்டு.

குச்சி ஒரு வாரம் விடுப்பு கேட்டாள். பத்து நாளில் வெளிநாட்டிலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள், காட்சிக்கு முப்பது கால் வேண்டும் என்றார் பாலிஷ். "முடிச்சுட்டு ஒரு வாரம் என்ன, பத்து நாள் எடுத்துக்கோம்மா" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்கும் கொஞ்சம் முனைப்பு வேண்டும். அவரிடம் ஒரு காலண்டர் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. கண்டக்டர் புதுக் கிண்ணம் மாட்டிக்கொண்டு கம்பிகளுக்கு நடுவில் நடந்தார். குச்சி மாவு குழைத்த கையோடு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் கடைசிவரை போய்த் திரும்பினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன பாப்பா, தூங்கிட்டியா?"

அவள் மேசையைப் பிடித்தாள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். மாவுக்காரர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பதினான்கு படிகளையும் ஏறினார். பார்வையாளர்கள் வருவதற்காக லிஃப்ட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மாடி ஏறி இதயப் பிரிவில் கொண்டுபோய்க் கிடத்தினார். அதற்குள் முடிந்துவிட்டது. "வால்வு ரொம்பச் சுருங்கியிருந்திருக்கு. ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், இருபது நிமிஷ வேலை" என்றார் அங்கிருந்த டாக்டர். அவள் வேலை பார்த்த மேசைக்கும் அந்த ஸ்கேன் இயந்திரத்துக்கும் நடுவில் ஐந்து மாடிப் படிகள்தான். ஐந்து வருடம் அவள் அதற்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கையிலிருந்த மாவு அப்படியே இறுகியிருந்தது. அம்மா வந்து பார்த்து, "இந்தக் கையோட என் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்றார். நர்ஸ் ஒருத்தி கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். மாவுக்காரர் அவளைத் தடுத்துவிட்டு ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தார். விரல் விரலாக ஊறவைத்து, நகக்கண் வரை சுத்தம் செய்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவர் அழவில்லை, பேசவில்லை. குச்சிக்காக நடந்த துக்கங்களிலேயே நான் மதிப்பது அதை ஒன்றைத்தான்.

பிறகு வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒல்லியாக இருக்கிறாள், நோய்க்காரி மாதிரி என்று அவளை வேண்டாமென்ற மாப்பிள்ளை வீட்டு அம்மாள் வந்து, "எங்க வீட்டுக்கு வரவேண்டிய மகாலட்சுமி" என்று என் தோளை நனைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் அவளைப் பற்றி இணையத்தில் நான்கு பத்தி எழுதினார். அதில் மூன்று பத்தி அவரைப் பற்றி. ஊழியர் மருத்துவர் வரவில்லை. ஒரு மலர்வளையம் அனுப்பினார், பெயர் எழுதாமல். பாலிஷ் நேரில் வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்தார்.

"அவ ஒரு நோட்டு வச்சிருந்தாம்மா. எல்லாக் குறிப்பும் அதுல இருக்கு. கூட்டத்துல மேடைல நீங்களே அதை என் கையில ஒப்படைச்சா, பாக்கறவங்களுக்கும் நெகிழ்ச்சியா இருக்கும்."

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன். நோட்டு அப்போது என் பைக்குள்தான் இருந்தது.

கூட்டத்தில் ஏழு பேர் பேசினார்கள். அவள் ஒரு நட்சத்திரம் என்றார் ஒருவர். மலர்வதற்குள் உதிர்ந்த மொட்டு என்றார் இன்னொருவர். இருபத்தாறு வயதில் இருநூறு பேரை நடக்கவைத்தவள் மொட்டாம். ஒருவர் அவள் பெயரையே மாற்றிச் சொன்னார், யாரும் கவனிக்கவில்லை. பாலிஷ் கடைசியாகப் பேசினார். அவளை முதல் நாளே இனங்கண்டுகொண்டதாகவும், தன் பிள்ளைபோல் வளர்த்ததாகவும் சொன்னார். அவள் பெயரில் வருடந்தோறும் ஒரு விருது என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. மேடைக்குக் கீழே என்னைப் பார்த்து, வா என்று கண்ணால் ஜாடை காட்டினார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து, பஸ்ஸின் கடைசிப் படிக்கும் கேட்கிற அந்தக் குரல் வந்தது.

"கொஞ்சம் இருங்க!"

கண்டக்டர் இரண்டு பக்கமும் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி முன்னால் வந்தார். மேடை விளிம்பில் உட்கார்ந்தார். எண்ணூறு பேர் பார்க்க, கால்சட்டையைச் சுருட்டி, காலைக் கழற்றி, பூ வைத்திருந்த மேசையின்மேல் டொக்கென்று வைத்தார்.

"பேசினது போதும் சார். இந்தக் கால் பாதியில நிக்குது. அவ திரும்பி என்ன சொல்லப்போறான்னு பாத்துக்கிட்டு இருந்தேன், விழுந்துட்டா. மூணு வாரமா கடிக்குது. புள்ளையாட்டம் வளத்தேன்னு சொன்னீங்கல்ல? அவ செய்யறதைப் பக்கத்துல இருந்து பாத்திருப்பீங்கல்ல? எங்க எடுக்கணும், எங்க சேக்கணும், சொல்லுங்க."

பாலிஷ் ஒலிவாங்கியைப் பொத்தினார். "ஐயா, இது துக்கக் கூட்டம்..."

"எனக்கும் துக்கம்தான். கால் வலிக்குது."

யாரோ சிரித்தார்கள். பாலிஷ் அந்தக் காலைக் கையில் எடுத்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கிண்ணத்துக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவினார். கூடம் மொத்தமும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. "நாளைக்குப் பட்டறைக்கு வாங்க, பாக்கலாம்" என்றார் கடைசியில்.

"அங்க யார் இருக்கா?" என்றார் கண்டக்டர்.

மாவுக்காரர் எழுந்து வந்து, காலை வாங்கி, மண்டியிட்டு அவருக்கு மாட்டிவிட்டார். பிறகு கூட்டம் டீக்கும் பிஸ்கட்டுக்கும் கலைந்தது. மரியாதை தெரியாத மனிதர் என்று கண்டக்டரைப் பலரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தேன். அதுவரை எனக்குத் தைரியம் இல்லை. உயர்ந்த சிந்தனை எதுவும் அதில் இல்லை. பக்கத்துக்கு ஓர் ஆள். ஒவ்வொருவரின் காலடிச் சத்தத்தையும் எழுதி வைத்திருந்தாள். 'டப்–ஷ்–டப். ஷ் நீளம். வெளி ஓரம் ஒரு நூல் அளவு எடு.' நோயாளிகள் மட்டுமல்ல, எல்லோரும் இருந்தார்கள். அம்மா, மாவுக்காரர், எண்ணெய்க்கை பெரியப்பா. எனக்கும் ஒரு பக்கம்: 'அக்கா. கோபமா இருக்கும்போதுதான் நேரா நடக்கறா. அதனால கோபப்படட்டும்.'

பாலிஷுக்கும் ஒரு பக்கம் இருந்தது. 'வலது குதிகால் வலி. யார்கிட்டயும் சொல்லல. ஷூ வாசல்ல இருக்கும்போது உள் அட்டைக்கு அடியில மூணு மில்லி தகடு வச்சாச்சு. ரெண்டு மாசத்துல சரியாகும். தேயத் தேய மாத்தணும்.' கீழே மாற்றிய தேதிகள், ஐந்து.

அந்த வருடம் முழுக்க, காலை நடைப்பயிற்சியால் தன் குதிகால் வலி பறந்துவிட்டது என்று பாலிஷ் எல்லோருக்கும் உபதேசம் செய்துகொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. சிரிப்பு வந்தது. பிறகு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தன் பெயரை அழித்தவனின் ஷூவுக்குள் குனிந்து தகடு வைக்கிறாள், ஏழாவது படியில் மூச்சுக்கு நின்றுகொண்டு.

மறுநாள் நோட்டை மாவுக்காரரிடம் கொடுத்தேன். கண்டக்டரின் பக்கங்களை இருவரும் சேர்ந்து படித்தோம். அவர் செதுக்குவார், கண்டக்டர் நடப்பார், நான் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பேன். எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. டப், டப், அவ்வளவுதான். இருபது வருடம் அவளோடு ஒரே அறையில் தூங்கியவள். அவளுக்குக் கேட்டதில் ஒரு துளிகூட என் காதில் விழவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து கிண்ணம் பாழாயிற்று. ஆறாவது ஒருவழியாக உட்கார்ந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று மாவுக்காரர் கேட்டார்.

"அவ செஞ்சதுல பாதி" என்றார் கண்டக்டர். கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை நடந்தார். "பாதிகூட இல்ல."

மாவுக்காரர் தலையை ஆட்டினார். இருவருக்கும் அதில் வருத்தமில்லை. அவள் அளவு குறையாமல் இருந்ததில் ஒரு திருப்தி.

அந்தச் சமயத்தில்தான் பாலிஷ் நோட்டைக் கேட்டு மறுபடி வந்தார். என் மேசைவரை நொண்டிக்கொண்டு வந்தார். தகடு தேய்ந்துவிட்டது என்று அந்தக் கட்டடத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: எனக்கு, மாவுக்காரருக்கு, அந்தப் பக்கத்துக்கு.

"வலது ஷூவைக் கழட்டுங்க சார்" என்றேன்.

"என்னம்மா?"

"கழட்டி, உள் அட்டையத் தூக்கிப் பாருங்க."

என்ன நினைத்தாரோ, கழற்றினார். விரலை விட்டு அட்டையை நெம்பினார். நைந்துபோன ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. அவருடைய பக்கத்தின் நகலை மேசையில் வைத்தேன். ஒற்றைக் காலில் ஷூவுடன் நின்று படித்தார். முகம் சுருங்கியது. இப்போதாவது இந்த மனிதன் அழப்போகிறான் என்று எதிர்பார்த்தேன். அழுதால் மதிக்கவும் தயாராக இருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் பக்கம் வெளிய போக வேண்டாம்மா" என்றார்.

நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, நொண்டியபடியே போனார். மாவுக்காரர் அவருக்குப் புதுத் தகடு வெட்டி வைத்திருந்தார். குச்சி வைத்திருப்பாள், அதனால் நானும் வைப்பேன் என்றார். அவருடைய நாளைக்குப் பத்து வார்த்தையில் ஐந்து இதில் போயிற்று. நான் தடுக்கவில்லை. நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

அம்மாவின் வற்புறுத்தலில் நானும் அந்த ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "உங்க இதயத்துல ஒண்ணும் இல்ல" என்று சிரித்தபடி சொன்னார் டாக்டர். அது எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது ஒவ்வொரு சீட்டையும் படித்துவிட்டுத்தான் அடுக்குகிறேன். வேலை தேங்குகிறது, இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. 'மனப்பதற்றம்' என்று எழுதிய சீட்டு வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஆளைத் தேடிப் போகிறேன். மருத்துவர்கள் எனக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அன்பாக இல்லை. போன மாதம் சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தியின் சீட்டு வந்தது. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான்காம் மாடி ஏறினேன். வரிசையில் நிற்கச் சொன்னார்கள், சண்டை போட்டேன், பார்த்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. அவளுக்கு நிஜமாகவே மனப்பதற்றம்தான்; புருஷன் குடிகாரன்.

"பாத்தீங்களா? எல்லாருக்கும் உங்க தங்கச்சி வியாதியே இருக்குமா?" என்றார் டாக்டர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"இருக்காது சார். அடுத்த ஆளையும் கூட்டிக்கிட்டு வருவேன், அவங்களுக்கும் இருக்காது. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பசிக்கிறது என்றாள். இருவரும் படியிறங்கிச் சாப்பிடப் போனோம்.